எண்பத்தாறு கிலோமீட்டர் தூக்கம்

எங்கள் டிரைவிங் ஸ்கூல் காரின் கூரையில் ஒரு பலகை உண்டு. முன்பக்கம் போன் நம்பர் இருக்கும். பின்பக்கம் ஒரே ஒரு வரி. பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பதற்கு முன்பே படித்துவிட்டு அடங்க வேண்டும் என்பதற்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: "நாற்பத்தேழு ஆண்டுகள். ஒரு நாள்கூட விடுமுறை இல்லை."

அதில் முதல் பத்தொன்பது ஆண்டுகள் என் அப்பாவுடையவை. மற்றவை என்னுடையவை. என் கல்யாணத்தன்று காலையில்கூட அப்பா இரண்டு பேருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது ஆளை ஓட்டச் சொல்லி, அந்த வண்டியிலேயே மண்டபத்துக்கு வந்து இறங்கினார். மாப்பிள்ளையான நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வழியில் மூன்று முறை வண்டி அணைந்தது. என் மாமனார் வீட்டார் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நான் இன்றைக்கும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகன் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை. அது போதாதென்று தலைவலி வந்தால் ஒரு நாள், தலைவலி வரும்போல் இருந்தால் ஒரு நாள். எங்கள் குடும்பத்தில் விடுமுறை எடுத்த முதல் ஆள் அவன்தான். அவனுக்கு என்னைத் திருத்தப் பார்க்கும் துணிச்சல் வேறு.

"வாரத்துல ஒரு நாள் வீட்ல இருங்கப்பா. சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு உடம்பு மட்டும் சொந்தம் இல்லையா?"

"லீவு யார்கிட்டடா கேக்கறது?"

"நீங்கதானே முதலாளி? உங்ககிட்டயே கேளுங்க."

"கேட்டுப் பாத்துட்டேன். குடுக்க மாட்டேன்னுட்டார்."

அந்த முதலாளியை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என் அப்பாவிடம் பழகியவர்.

வினை எதிர்த்தெருவிலிருந்து வந்தது. அங்கே இன்னொரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. அதை நடத்துகிறவன் ஒருநாள் காலையில் கதவைப் பூட்டி ஒரு தாளை ஒட்டினான்: "குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறேன். ஒரு மாதம் கழித்து வருவேன்." இப்படி வெட்கமில்லாமல் எழுதி ஒட்டுகிறவன் ஒரு தொழில்காரனா என்று என் மனைவியிடம் கேட்டேன். "மனுஷன்" என்று மட்டும் சொன்னாள். அவனிடம் படித்துக்கொண்டிருந்த ஒன்பது பேர் என்னிடம் வந்தார்கள். ஒன்பது பேரையும் சேர்த்துக்கொண்டேன். அவன் திரும்பி வரும்போது அவன் ஆட்கள் என் காரில் போவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். காலை ஐந்தரைக்கு ஏறினால் இரவு ஒன்பதுக்குத்தான் இறங்குவேன்.

பத்தாவது நாளிலிருந்து சின்னச் சின்னக் கோளாறுகள் தொடங்கின. என் மனைவி சூடான பாத்திரத்தோடு அடுப்படியில் திரும்பினாள். "இண்டிகேட்டர்" என்றேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பயிற்சிக்கு வந்த பல் டாக்டர் ஒருவருக்கு வாயால் இடப்பக்கம் சொல்லி, கையால் வலப்பக்கம் காட்டினேன். அவர் இரண்டுக்கும் மரியாதை கொடுத்து நடுவில் இருந்த திட்டில் ஏற்றினார். படுக்கையிலும் கால் சும்மா இருக்கவில்லை. காரில் மாணவர் பக்கம் இருப்பதுபோல என் பக்கமும் ஒரு பிரேக் பெடல் உண்டு. தூக்கத்தில் என் கால் அதைத் தேடி அமுக்கியது.

"ஒரு வாரமா என் கணுக்கால பிரேக்குன்னு நெனச்சு மிதிக்கிறீங்க," என்றாள் மனைவி. "நான் எங்க நின்னேன்? விடிஞ்சா ஓடிட்டுத்தான் இருக்கேன்."

அதற்குப் பிறகு நடுவில் ஒரு தலையணை வைத்துப் படுத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் என் சம்பந்தியம்மாள், அதாவது மருமகளின் தாயார், மூன்றாவது முறையாக டிரைவிங் டெஸ்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அவரும் சொந்தத் தொழில்காரர்தான். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒற்றை நாற்காலி போட்டு பியூட்டி பார்லர் நடத்துகிறார். ஆனால் செவ்வாய்க்கிழமை ஆனால் போதும், கடைக் கதவில் "இன்று விடுமுறை" என்று ஓர் அட்டை தொங்கும். சம்பந்தம் பேசப் போன நாளும் ஒரு செவ்வாய்தான். அந்த அட்டையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே ஒரு நிமிடம் யோசித்தேன். பெண் நல்ல பெண் என்பதால் உள்ளே போனேன்.

இரண்டு டெஸ்டிலும் அவர் தோற்றதற்குக் காரணம் ஒன்றுதான். யாராவது சொன்னால்தான் எதையும் செய்வார். முதல் டெஸ்டில் ஒரு நாற்சந்தியில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வழிவிட்டு ஒன்பது நிமிடம் நின்றார். இரண்டாவதில், காலியாகக் கிடந்த சாலையில் நிறுத்தி, டெஸ்ட் அதிகாரியைப் பார்த்து "போகலாங்களா?" என்று கேட்டார். அதிகாரி "வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

மற்றவர்களாக இருந்தால் நான் பேசும் முறை வேறு. "கண்ணு பொடரியிலயா இருக்கு?" என்று கேட்டுவிடுவேன். சம்பந்தி வீட்டாரிடம் அப்படிப் பேச முடியுமா? அதனால் அவரிடம் எல்லாவற்றையும் மரியாதையாகவே சொல்லி வந்தேன். "சம்பந்தியம்மா, எதிர்ல ஒரு லாரி வருது. உங்களுக்குச் சௌகரியப்பட்டா கொஞ்சம் ஒதுங்கலாம்." அவரும், "சொல்லுங்க சம்பந்தி, இப்பவே ஒதுங்கட்டுமா?" என்பார். இந்த உபசாரம் முடிவதற்குள் லாரி போய்விடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவரை ஏற்றிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை டெஸ்ட். ஊரைத் தாண்டினால் புறவழிச்சாலை, வளைவில்லாத சாலை. வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. நான் எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வேன். நான் எங்கே பார்க்கிறேன் என்று மாணவருக்குத் தெரியக் கூடாது, அதுதான் எங்கள் அப்பா காலத்து முறை. "நேரா போங்க," என்றேன். "நான் சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது, நிறுத்தக் கூடாது." ஓரமாக ஒரு மஞ்சள் மதில் வந்தது. அது மிக நீளமான மதில் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

கண் திறந்தபோது, என் முகத்துக்கு நேரே ஒரு லாரியின் பின்பக்கம் நின்றது. ஒரு கை தூரம்கூட இல்லை. "பிரேக்" என்று கத்திக்கொண்டு இரண்டு காலாலும் பெடலை மிதித்தேன். பக்கத்தில் திரும்பினேன். டிரைவர் சீட்டில் ஆள் இல்லை.

இருபத்தெட்டு வருட அனுபவத்தில் மாணவர்கள் பலவிதமாகப் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஆனால் ஓடும் வண்டியிலிருந்து யாரும் இறங்கிப் போனதில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். அது ஏற்கெனவே போட்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அப்போதுதான், லாரியின் பின்பலகையில் ஓர் ஆள் சாய்ந்து நின்று பழம் உரித்துத் தின்றுகொண்டிருப்பது தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஓடவில்லை.

கார் இரண்டு லாரிகளுக்கு நடுவே, ஓரத்தை ஒட்டி, நூல் பிடித்தாற்போல் நிறுத்தப்பட்டிருந்தது. இப்படி இடுக்கில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதை நான் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொடுத்தும் சம்பந்தியம்மாளுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. அப்பால் ஓர் ஆறு ஓடியது. சாலை அங்கே ஆற்றில் இறங்கி முடிந்துபோயிருந்தது. அக்கரைக்கு வண்டிகளை ஏற்றிப் போகும் படகுக்காக லாரிகள் காத்திருந்தன. மரத்தடி பெஞ்சில் சம்பந்தியம்மாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"எழுந்திட்டீங்களா சம்பந்தி? டீ சொல்லட்டுமா?"

"நான் தூங்கல."

"சரிங்க."

"கண்ணை மூடிக்கிட்டு இன்ஜின் சத்தத்தக் கவனிச்சிட்டிருந்தேன். சில கோளாறு காதுலதான் தெரியும்."

"இன்ஜினை நிறுத்தி ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சுங்க."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று பிறரைப் பார்த்து நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் வாதாடவில்லை. இறங்குமுன் மீட்டரைப் பார்த்தேன். எண்பத்தாறு கிலோமீட்டர்.

பெஞ்சில் உட்கார்ந்து தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, நடந்ததை விசாரித்தேன்.

"மொத அரை மணி நேரம் எனக்குத் தெரியல சம்பந்தி. நீங்க ஒண்ணும் சொல்லாம வந்தீங்களா, நான் தப்பே பண்ணலபோலன்னு சந்தோஷமா ஓட்டிட்டிருந்தேன். அப்புறம் ஒரு சத்தம் வந்துச்சு. கியர்லதான் ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன். கியர மாத்தினேன், சத்தம் மாறல. அப்புறம்தான் திரும்பி உங்க கழுத்தப் பார்த்தேன். என் நாற்காலியில உக்கார்றவங்க பாதிப் பேர் தூங்குவாங்க. கழுத்தப் பார்த்தாலே எனக்குத் தெரியும்."

"எழுப்பியிருக்கலாமே?"

"தூங்குறவங்கள எழுப்புற வழக்கம் எங்க கடையில இல்லைங்க. தலைய மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சு வேலைய முடிச்சிடுவேன். அதுவும் நீங்க மாப்பிள்ளையோட அப்பா. பொண்ணு வீட்டுக்காரி தூங்க விடாம எழுப்பிட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாதில்ல?"

"ஓரமா நிறுத்தியிருக்கலாம்."

"நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்க."

"அப்ப சிக்னல்ல?"

"ஆறு சிக்னல் வந்துச்சு. ஆறுலயும் நின்னேன். அது சிக்னல் சொன்னது, நீங்க சொன்னதுல சேராது. ஒண்ணு சொல்லணும் சம்பந்தி, நான் பிரேக் போட்டப்பல்லாம் உங்க காலும் கூடவே அமுக்குச்சு. தூக்கத்துலயும் கடமை தவறல நீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து அமுக்குனதால கொஞ்சம் குலுங்குச்சு, அவ்வளவுதான்."

பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு இடத்துலதான் பயந்தேன். ஒரு லாரி இன்னொரு லாரிய முந்திக்கிட்டு என் எதிர்லயே வந்துச்சு. வழக்கம்போல உங்களப் பார்த்தேன். நீங்க வாயத் திறந்து தூங்கிட்டிருந்தீங்க. சரி, சொல்றதுக்கு ஆள் இல்லன்னு நானே ஒதுங்கிட்டேன். அப்புறம் பயமே வரல."

இவர் என் மருமகளின் தாய். என் வீட்டை நம்பி, என் தொழிலை நம்பி வந்தவரை ஒரு லாரியின் முன்னால் தனியாக விட்டிருக்கிறேன். ஆனால் அந்த நொடியில் எனக்கு முதலில் வந்த நினைவு அவர் உயிர் அல்ல. காரின் கூரையிலிருக்கும் பலகை. மாணவர் ஓட்டும்போது தூங்கினேன் என்று தெரிந்தால் நாற்பத்தேழு வருடப் பெயர் என்னாகும்? அதுவும் பெண் கொடுத்த வீட்டின் முன்னால்? இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

கார் ஓடும்போது போனைத் தொடக் கூடாது என்பது எங்கள் விதி. சத்தத்தை அடக்கி முன்பெட்டியில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் இருபத்து மூன்று அழைப்புகள். என் மனைவி பதினொன்று, மகன் ஐந்து, பதினொரு மணிக்கு வர வேண்டிய பல் டாக்டர் நான்கு. மற்ற மூன்றையும் பார்க்க மனம் வரவில்லை. போன் கையிலேயே மறுபடி அதிர்ந்தது.

"சம்பந்தியம்மா," என்றேன். போனை நீட்டினேன். "இது... வீட்டுக்கு..."

அவர் ஒன்றும் கேட்காமல் போனை வாங்கிக்கொண்டார்.

"அண்ணி, நான்தான் பேசறேன். ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கோம். டெஸ்ட் வருதில்ல, நான்தான் தூரமா ஓட்டிப் பார்க்கணும்னு தொல்லை பண்ணேன். சம்பந்தி பாவம், ஒரு வார்த்தை பேசாம கூட வந்தார்."

மறுமுனையில் என் மனைவியின் குரல் எனக்கே கேட்டது. "ஒரு வார்த்தை பேசாமயா? அவரா?"

திரும்பும்போது நான் ஓட்டுகிறேன் என்றேன். "நீங்க இன்னும் முழுசா முழிக்கல" என்று சொல்லி அவரே உட்கார்ந்தார். எண்பத்தாறு கிலோமீட்டரிலும் நான்கு இடங்களில் திருத்தம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும் வாய் எனக்கு இல்லை. ஐந்து மாதத்தில் முதன்முறையாக, நான் விழித்திருந்தும் அவர் என்னைக் கேட்காமல் ஓட்டினார். ஊர் எல்லை வந்ததும் "இந்த நாற்சந்தியில திரும்பறேன்" என்று எனக்குத் தகவல் மட்டும் சொன்னார்.

வீட்டில் என் மனைவி வாசலிலேயே நின்றாள். என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் போய் இன்னொரு முறை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் அவள் ஒன்றும் கேட்காத நாட்கள்தான் எனக்குப் பயமானவை. மகன் மட்டும், "தூரப் பயிற்சியா? நல்ல யோசனைப்பா" என்றான். பாடம் நடந்தது, விடுமுறை எடுக்கவில்லை, ஆகவே பலகைக்குப் பழுதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் அது அங்கேயே கிடக்கும் என்று நினைத்தது என் தவறு. அது முளைத்தது. மறுநாள் பல் டாக்டர் ஏறி உட்கார்ந்ததும், "எனக்கும் அந்தப் பேசாத பாடமே எடுங்க சார்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். நேற்று வீட்டுக்கு வந்து காத்திருந்தபோது என் மனைவி சொன்னாளாம். மாலைக்குள் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். அதில் இரண்டு பேர் எதிர்த்தெருக்காரனின் ஆட்கள். "அங்க சார் போன் பாப்பார், இங்க நீங்க பேசிட்டே இருப்பீங்க. பேசாத பாடம்தான் சார் வேணும்." வியாழக்கிழமை முழுதும் நான் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் விழித்திருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. தொடையைக் கிள்ளிக் கிள்ளி நீலம் பாரித்துவிட்டது. என் மனைவியின் கணுக்காலும் என் தொடையும் ஒரே நிறம்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். சம்பந்தியம்மாள் அதே அதிகாரியோடு ஏறினார். அதே நாற்சந்தி. நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தேன். வண்டி வந்தது, நின்றது, இரண்டு பக்கமும் பார்த்தது, போய்விட்டது. அதிகாரி இறங்கி வந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்: "போன தடவை மூச்சு விடறதுக்கே என்கிட்ட பர்மிஷன் கேட்டவங்க. என்ன பண்ணீங்க?"

"குறுக்கிடாம இருந்தேன்" என்றேன். அதுவும் உண்மைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டில் மதிய விருந்து. எனக்கு அன்றும் இரண்டு மணிக்கு ஒரு பாடம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு அப்படியே போய்விடலாம் என்று காரிலேயே போனேன். எல்லோரும் மேசையில் உட்கார்ந்த பிறகு, மகன் எழுந்து கதவுக்குப் பின்னாலிருந்து துணி சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்தான்.

"அப்பாவுக்கு ஒரு பரிசு."

துணியை எடுத்தான். காரின் கூரைக்குப் புதுப் பலகை. நல்ல பெயின்ட், நல்ல எழுத்து. "நாற்பத்தேழு ஆண்டுகள். ஒரு நாள்கூட விடுமுறை இல்லை. ஒரு நொடிகூடக் கண் அசந்ததில்லை."

சம்பந்தியம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் தண்ணீர் ஊற்றினாள், நிரம்பிய டம்ளரிலேயே.

முதல் வரி என் அப்பாவுடையது. அவர் அதை ஒரு நாளும் பொய்யாக்கியதில்லை. அதன் கீழே என் பொய்யை எழுதி, இரண்டையும் ஒரே பலகையில் ஊரெல்லாம் சுற்ற விட வேண்டும். அந்தப் பொய்யையும் ஒரு பெண் வீட்டுக்காரர் எனக்காகச் சுமக்க வேண்டும். குடும்ப மானம் என்று நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேனோ, அது என் கையில் இல்லை, அவர் கையில் இருந்தது. நான் எழுந்து நின்றேன். எங்கள் வீட்டில் முக்கியமானதை உட்கார்ந்துகொண்டு சொல்வதில்லை.

"இந்தப் பலகைய மாட்ட முடியாது. செவ்வாய்க்கிழமை நான் கார்ல தூங்கிட்டேன். ஊர் எல்லையிலிருந்து ஆறு வரைக்கும். சம்பந்தியம்மா என் மானத்தக் காப்பாத்துறதுக்காகப் பொய் சொன்னாங்க. தப்பு என்னுது."

என் மனைவி சொன்னாள்: "தெரியும். உக்காருங்க, ஆறிடப் போகுது."

"தெரியுமா?"

"கன்னத்துல சீட் பெல்ட் அச்சு, கொடி மாதிரி. சாயங்காலம் வரைக்கும் போகல. கறுப்புக் கண்ணாடி ஒரு காதுல தொங்குது. பேசாம உக்காந்து வந்தா கன்னம் மடங்குமா?"

நான் சம்பந்தியம்மாளைப் பார்த்தேன். அவர் தலையை வேகமாக ஆட்டினார். "நான் ஒரு வார்த்தை சொல்லல சம்பந்தி."

"அத்தை சொல்லலப்பா," என்றான் மகன். "எத்தனை தடவை கேட்டாலும் அதே கதைதான். பலகை அம்மா யோசனை. கேட்டா ஒத்துக்க மாட்டாரு, எழுதிக் காட்டினா உறுத்தும்னாங்க."

பெற்ற பிள்ளையும் கட்டிய மனைவியும் சேர்ந்து எனக்குக் கண்ணி வைத்திருக்கிறார்கள். கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஐந்து நாள் முதுகில் இருந்த மூட்டை இறங்கியதும் எனக்குப் பசிதான் வந்தது. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பினேன்.

"உங்க உயிரோட விளையாடிட்டேன். மன்னிக்கணும்."

இந்தச் சொல்லை நான் பெண் வீட்டாரிடம் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரே கொஞ்சம் தடுமாறினார். பிறகு சிரித்துவிட்டார்.

"விடுங்க சம்பந்தி. கல்யாணம் ஆகி மூணு வருஷத்துல எங்க வீட்டு மேல நீங்க வச்ச பெரிய நம்பிக்கை அதுதான். பொண்ணு வீட்டுக்காரி ஓட்டுற வண்டியில கண்ண மூடினீங்களே."

மருமகளுக்குப் புரையேறியது. என் மனைவி அவள் தலையில் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "எத்தனை மணிக்குப் பாடம்?"

"ரெண்டு."

"போன் பண்ணி வேண்டாம்னு சொல்லுங்க."

"திடீர்னு எப்படி? முறைன்னு ஒண்ணு இருக்கு."

முறைப்படியே செய்வது என்று முடிவாயிற்று. இரண்டு மணிப் பாடத்தை எடுத்துவிட்டு வந்து, வீட்டில் ஒரு தாளில் விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். அனுப்புநர், பயிற்சியாளர். பெறுநர், உரிமையாளர். இருபத்தெட்டு வருடமாக இடைவிடாமல் உழைத்து வருவதாலும், அண்மையில் பணி நேரத்தில் எண்பத்தாறு கிலோமீட்டர் உறங்கியதாலும், வாரம் ஒரு நாள் ஓய்வு தருமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதினேன். உரிமையாளர் அதை மேசையில் ஒரு நாள் முழுக்கப் போட்டுவைத்தார். பயிற்சியாளரின் பழைய நடத்தையை யோசித்தார். இந்த ஆளை இப்படியே விட்டால் அடுத்த தடவை வண்டியை நிறுத்த வழியில் ஓர் ஆறு இல்லாமல் போகலாம் என்பதையும் யோசித்தார். திங்கட்கிழமை மாலை கையெழுத்துப் போட்டார். எதிர்த்தெருக்காரனின் ஒன்பது பேரையும், அவன் ஊர் திரும்பியதும் அவனிடமே திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தார். அது பயிற்சியாளருக்குக் கசந்தது. ஆனால் கீழ்ப்படிந்தார்.

புதுப் பலகையை ஸ்டோர் ரூமில் போட்டோம். பழையதில் இரண்டாவது வாக்கியத்தின் மேல் வெள்ளையடித்தேன். "நாற்பத்தேழு ஆண்டுகள்" மட்டும் மிஞ்சியது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது. சம்பந்தியம்மாள் தன் கடையிலிருந்து உபரியாக இருந்த "இன்று விடுமுறை" அட்டையைக் கொடுத்தனுப்பினார். மூலையில் ஒரு சீப்புப் படம் போட்டிருக்கும். அதை எங்கள் வாசலில் மாட்டும்போது தெருவில் யாரும் வரவில்லையா என்று பார்த்துக்கொண்டேன்.

முதல் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குள் காரை மூன்று முறை துடைத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு, தெருவில் போன ஒருவருக்கு வண்டியை எப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் சைக்கிளில் வந்தவர். பத்து மணிக்குச் சம்பந்தியம்மாள் வந்து கையை நீட்டினார். "சாவி."

என் மனைவி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அது என் சீட், பெடல் இருக்கும் சீட். "நீங்க பின்னாடி" என்றாள். என் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக எங்கள் டிரைவிங் ஸ்கூல் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தேன். காலடியில் வெறும் விரிப்புத்தான் இருந்தது. ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. வண்டி அதுபாட்டுக்குப் போனது.

புறவழிச்சாலை வந்தது, மஞ்சள் மதில் வந்தது. "நேரா போங்க" என்றேன்.

"தெரியும்" என்றார்கள் இரண்டு பேரும்.

அதற்குப் பிறகு அவர்கள் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.